விலையில்லா ஜோக்குகள்

தொண்ணூறுகளில் திண்டுக்கல் லியோனி கேசட் ஓடாத தமிழ் வீடு உண்டா? (கேசட்னா என்னன்னு கேட்கிற வயசுக்காரங்க அடுத்த பத்திக்குப் போயிடுங்க :-)) பழைய சினிமாப் பாட்டா புதுப் பாட்டா என்று ஒரு பட்டிமன்றம். நடுவரே பாடுவார், நடித்துக் காட்டுவார், இடையில் அரசியல்வாதிகளை ஒரு வாங்கு வாங்குவார். பிழைப்பு தேடி ஊரை விட்டுக் கிளம்பினவங்க பெட்டியில் ஊறுகாய், பருப்புப்பொடியோடு அந்தக் கேசட்டும் போனது. அப்புறம் டிவி வந்தது. பொங்கல், தீபாவளி என்றால் காலை இட்லியோடு பட்டிமன்றம் என்று ஆகிப்போச்சு. மாநிலம் விட்டு, நாடு விட்டு வாழ்கிற நமக்கு, பண்டிகை நாளில் ஊரில் இருக்கிற நினைப்பைக் கொடுத்ததில் பாதிப் பங்கு அந்த நடுவர்களுக்கு உண்டு.

கொசுவத்தி சுத்தினது போதும். விஷயத்துக்கு வர்றேன்.

2021 மார்ச். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரம். கோவை பக்கம் தொண்டாமுத்தூரில் திமுக வேட்பாளர் கார்த்திகேய சிவசேனாபதிக்காக லியோனி பேசினார். வேட்பாளர் நாட்டு மாடுகளுக்காகப் பாடுபடுகிறவர். அதனால் பேச்சு மாட்டுக்குப் போனது. மாட்டிலிருந்து பாலுக்கு. பாலிலிருந்து நேராகப் பெண்களின் இடுப்புக்கு! முன்னெல்லாம் பெண்களின் இடுப்பு எட்டு மாதிரி இருந்தது, வெளிநாட்டு மாட்டுப் பாலைக் குடித்துக் குடித்து இப்போ பீப்பாய் மாதிரி ஆகிவிட்டார்கள் என்கிற பொருளில் சொன்னார். வீடியோ எல்லார் கைபேசிக்கும் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அவர் கட்சியைச் சேர்ந்த கனிமொழியே, யாராக இருந்தாலும் பெண்களைத் தரம்தாழ்த்திப் பேசுவது கண்டிக்கத்தக்கது என்று பெயர் சொல்லாமல் ட்விட்டரில் எழுதினார்.

அதே நாட்களில், அதே கட்சியின் ஆ.ராசா, அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியின் தாயாரை இழிவுபடுத்தும்படி பேசினார் என்று இன்னொரு சர்ச்சை. ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் அவருக்கு 48 மணி நேரம் பிரச்சாரத் தடை விதித்தது. சரியான நடவடிக்கைதான். லியோனிக்கு என்ன ஆச்சு? தேர்தல் முடிந்தது, திமுக ஜெயித்தது, 2021 ஜூலையில் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்துக்குத் தலைவராக நியமித்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகம் அச்சடிக்கிற கழகம்! அவர் முன்னாள் பள்ளி ஆசிரியர், தகுதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கை மட்டும் பாருங்க. முதலமைச்சரின் அம்மாவைச் சொன்னால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பொத்தாம்பொதுவாக எல்லார் வீட்டு அம்மாவையும் சொன்னால் விலை ஒண்ணும் கிடையாது.

தமிழ்நாட்டு அரசாங்கத்தில் 'இலவசம்' என்று சொல்லமாட்டார்கள், 'விலையில்லா' என்று போடுவார்கள். விலையில்லா அரிசி, விலையில்லா மிக்ஸி, விலையில்லா ஆடு. அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கலாம். விலையில்லா ஜோக்.

அரசியல் கேலி பேசுகிறவர்கள் எல்லாருக்குமே இந்தக் கணக்கு தெரியும். ஆனந்த விகடனை எடுத்துக்குங்க. 1987-ல் அட்டையில் ஒரு ஜோக் போட்டார்கள். மேடையில் இருப்பவர்களில் எம்எல்ஏ யார், மந்திரி யார் என்று கேட்க, ஒருத்தரை ஜேப்படிக்காரர் மாதிரி என்றும் இன்னொருத்தரை முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி என்றும் அடையாளம் சொல்கிற ஜோக். சட்டமன்றத்தின் உரிமையை மீறிவிட்டார் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டு 1994-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். நஷ்டஈடு ஆயிரம் ரூபாய். இது பழைய கதை என்றால் புதுசும் இருக்கு. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தையே முடக்கினார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அது திரும்ப வந்தது.

இப்போ நம்ம வாரப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் வந்த இன்னொரு வகை ஜோக்கை நினைச்சுப் பாருங்க. பூரிக்கட்டையோடு மனைவி, கட்டிலுக்கு அடியில் கணவன். மாமியார் கிணற்றில் விழுந்தால் மருமகனுக்குக் கொண்டாட்டம். தலைமுறை தலைமுறையாக எத்தனை ஆயிரம் வந்திருக்கும்? அதில் ஒரு ஜோக்குக்காவது ஆசிரியரைப் பிடித்து உள்ளே போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கீங்களா? போடணும் என்று நான் சொல்லவில்லை, சாமி! ஜோக்குக்காக யாரையும் ஜெயிலில் போடக் கூடாது என்கிற கட்சிதான் நான். இந்தூரில் முனாவர் ஃபாரூக்கி என்கிற பையனை 2021 ஜனவரியில் பிடித்துப் போய், ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் வைத்தபோது வயிறு எரிந்தவள். நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பக்கம் போனால் ஜெயில், இன்னொரு பக்கம் போனால் கைத்தட்டல் என்று இருக்கும்போது, மணிக்கணக்கில் மேடையை ஓட்ட வேண்டியவர் எந்தப் பக்கம் அடிக்கடி போவார்?

விதிவிலக்கும் இருக்கு, சொல்லிடறேன். நாடகம், டிவி என்று நமக்குப் பழக்கமான எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அங்கே அடி வாங்கியவர்கள் பத்திரிகையாளர்கள். கையில் பேனா இருந்தது, பின்னால் சங்கம் இருந்தது, தெருவில் இறங்கிப் போராடினார்கள். பூரிக்கட்டை ஜோக்கில் வருகிற மனைவிக்கு ஏது சங்கம்?

இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் இருக்கிற உங்களுக்கு பில் மார் தெரிஞ்சிருக்கும். 2001 செப்டம்பர் தாக்குதல் முடிந்த சில நாளில், விமானத்தை மோதினவர்களைக் கோழை என்று சொல்ல முடியாது என்று டிவியில் பேசினார். விளம்பரதாரர்கள் விலகினார்கள், 2002-ல் அந்த நிகழ்ச்சியே நின்றது. அப்புறம் எச்பிஓ-வுக்குப் போனார். அங்கே விளம்பரமே கிடையாது. 2011-ல் சாரா பேலினை, வீட்டில் சொல்ல முடியாத வார்த்தைகளால் திட்டினார். பேலினின் அரசியல் எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அந்த வார்த்தைகளில் அவர் அரசியல் எங்கே இருந்தது? மாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் ஒபாமாவை ஆதரிக்கும் குழுவுக்கு அவர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். அதே 2012-ல் வலதுசாரி வானொலிக்காரர் ரஷ் லிம்பா, கருத்தடைச் செலவைப் பற்றிப் பேசிய ஒரு சட்ட மாணவியைக் கேவலமாகத் திட்டியபோது மட்டும் எல்லாரும் கொதித்தார்கள். ரெண்டு பக்கத்துக்காரர்களும் அடுத்தவர் ஆளை மட்டும் பிடிக்கிறார்கள். நம்ம ஆள் என்றால் 'அவர் எவ்ளோ தைரியசாலி தெரியுமா' என்று ஒரு போர்வையைப் போட்டு மூடிடறது.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நான் குப்பை கொட்டுகிற திருவனந்தபுரத்துக்கு வர்றேன்.

இங்கே அரசியல் கேலி என்பது சாயா மாதிரி, தினமும் வேணும். தலைவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஈ.கே.நாயனார் முதலமைச்சராக இருந்தபோது ஏசியாநெட்டில் உட்கார்ந்து, ஃபோனில் ஜனங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னவர். 2000-ல் தொடங்கிய 'முன்ஷி'யில் பணிக்கர், ஹாஜியார், கரியாச்சன் என்று ஆளுக்கொரு பக்கம் அன்றன்றைய அரசியலைப் போட்டு வறுப்பார்கள். முன்ஷி வந்து ஒரு பழமொழி சொல்லி முடிப்பார். 'சினிமாலா' இருபது வருஷத்துக்குக் கிட்ட ஓடியது. கருணாகரன், ஆண்டனி, அச்சுதானந்தன் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. அதை இயக்கியவர் டயானா சில்வெஸ்டர் என்ற பெண். அதில் பேர் வாங்கி, 2023-ல் காலமான சுபி சுரேஷுக்கு இந்த ஊரில் இருந்த ரசிகர்கள் ஏராளம். ஒரு பெண் மேடை ஏறி மற்றவர்களைக் கேலி செய்வதை இவர்கள் ரசிப்பார்கள். எனக்கு மலையாளமே பாதி இதைப் பார்த்துத்தான் வந்தது. (மீதி, மீன் விற்கிற சேச்சியிடம்.)

ஆனாலும் இங்கேயும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2013-லிருந்து 2018 வரை ஏசியாநெட்டில் 'படாய் பங்களா' என்று ஒரு நிகழ்ச்சி. இந்தியில் கபில் ஷர்மா நடத்தியதன் மலையாள அவதாரம். கபில் நிகழ்ச்சியில் மனைவியாக வரும் நடிகையின் உதட்டைக் கேலி செய்வதே வாராவாரம் ஒரு ஐட்டம். பாட்டி வேஷம்கூட ஆண்தான் போடுவார். மலையாளத்தில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ரமேஷ் பிஷாரடிக்கு மனைவியாக வருகிற பாத்திரம் அசடு. அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. பக்கத்தில் வீட்டுக்காரராக முகேஷ். இந்த முகேஷ் 2016-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் கொல்லத்தில் நின்று எம்எல்ஏ ஆனார். பிஷாரடி 2021-ல் காங்கிரஸில் சேர்ந்தார். இந்த ஊரில் இடதும் காங்கிரஸும் பஞ்சாயத்துக் குழாயடியில்கூட ஒத்துப் போகாதவர்கள். அசட்டு மனைவி ஜோக்கில் மட்டும் ஒரே சோபாவில் உட்கார முடிந்தது!

அதை விட்டுத் தள்ளலாம், அது வெறும் அசட்டு ஜோக். 2018 மே மாதம் காரியவட்டம் ஸ்டேடியத்தில் நடந்ததை விட முடியவில்லை. என் ஆபீஸ் இருக்கிற டெக்னோபார்க்கிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். மலையாள நடிகர் சங்கமான 'அம்மா'வின் பிரம்மாண்டமான நட்சத்திர நிகழ்ச்சி, டிவியிலும் வந்தது. அதில் பெண்கள் முன்னேற்றம் பேசுகிற ஒரு பெண்கள் கூட்டத்தைக் கிண்டல் பண்ணி ஒரு குறுநாடகம். அது யாரைப் பற்றியது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2017 பிப்ரவரியில் கொச்சி அருகே ஓடுகிற காரில் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, சினிமாவில் இருக்கிற பெண்கள் சேர்ந்து 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டுத்தான் அரசு ஹேமா கமிட்டியையே அமைத்தது. அந்தப் பெண்கள் கேள்வி கேட்டதே இந்தச் சங்கத்தைப் பார்த்துத்தான். கேள்விக்குப் பதிலாகச் சங்கம் ஒரு காமெடி ஸ்கிட் போட்டது. எழுதினவர், நடித்தவர், கைத்தட்டினவர் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

அடுத்த மாதமே, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த நடிகரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள சங்கம் முடிவெடுத்தது. (விசாரணை நீதிமன்றம் அவரை 2025 டிசம்பரில் விடுவித்தது.) பாதிக்கப்பட்டவர் உள்பட நாலு நடிகைகள் சங்கத்தை விட்டு வெளியேறினார்கள். ஹேமா கமிட்டி 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கையைக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான், அதுவும் சில பகுதிகளை நீக்கிவிட்டு, வெளியே விட்டார்கள். படித்த பிறகு அந்த ஸ்கிட்டை நினைத்துப் பார்த்தால் ஒரு சிரிப்பும் வராது. அறிக்கை வெளியான சில நாளில் சங்க நிர்வாகக் குழுவே மொத்தமாக ராஜினாமா பண்ணியது. 2025-ல் முதல்முறையாக ஒரு பெண், ஸ்வேதா மேனன், தலைவர் ஆனார். ஆக, விலை ஒன்று இருந்திருக்கிறது. பில் வந்து சேரத்தான் ஆறு வருஷம் ஆச்சு.

மேடை மட்டுமா? இதே நகரத்தில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயசில் மேயர் ஆனார். அடுத்த வருஷம் அக்டோபரில், மாநகராட்சி வரிப்பண முறைகேட்டைக் கண்டித்து காங்கிரஸ் போராட்டம். நியாயமான விஷயம்தான். எம்பி கே.முரளீதரன் பேச வந்தார். மேயர் பார்க்க அழகுதான், வாயைத் திறந்தால் வருவது கொடுங்கல்லூர் பரணிப்பாட்டு என்கிற மாதிரி சொன்னார். (பரணிப்பாட்டு என்றால், திருவிழாவில் பாடுகிற பச்சையான பாட்டு.) மேயர் போலீசில் புகார் கொடுத்தார், இவர் வருத்தம் தெரிவித்தார். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, வரிப்பணம் எங்கே என்பது. மறுநாள் ஊரெல்லாம் பேசினது மேயரின் அழகைப் பற்றி. மாநகராட்சிக்கு இதைவிடப் பெரிய உதவியை அவர் கட்சிக்காரர்களே செய்திருக்க முடியாது.

விலையில்லா ஜோக்கின் இன்னொரு கெடுதல் இதுதான். கேலி செய்ய வேண்டியதை அது தப்ப விடும். 1,000 ஆண்களுக்கு 1,084 பெண்கள் என்று 2011 சென்சஸ் சொன்ன மாநிலம் இது. 2021 தேர்தலில் 140 எம்எல்ஏக்களில் பெண்கள் 11 பேர். இதில் எவ்வளவு பெரிய காமெடி இருக்கு! எந்த நடுவரும் இதைத் தொட்டுப் பார்த்து நான் கேட்டதில்லை.

இனி எங்க வீட்டுக் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி இங்கே ஒரு தமிழ் அமைப்பின் பொங்கல் விழா. பேர் வேண்டாம். கரமனை, சாலை பக்கம் தலைமுறையாக இருக்கிற தமிழர்கள், எங்களை மாதிரி கம்ப்யூட்டர் பிழைப்புக்கு வந்தவர்கள், எல்லாரும் கூடுவோம். பட்டிமன்றம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து டிவியில் வருகிற ஒரு நடுவரை அழைத்திருந்தார்கள். தலைப்பு வழக்கமானதுதான்: குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா? என் பெண் அப்போ பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்து, சனி ஞாயிறுகளில் நான் சொல்லிக்கொடுத்தது. மூணு வாரம் பேச்சை எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். 'ழ' வரவேண்டிய இடத்திலெல்லாம் சரியாக வந்தது. (இதுக்கு மட்டும் மலையாளத்துக்கு நன்றி!)

நடுவர் முதல் இருபது நிமிஷம் பின்னி எடுத்தார். டெல்லி, சென்னை, ஜிஎஸ்டி, ரெண்டு கழகம், ஒருத்தரும் தப்பவில்லை. அரங்கமே குலுங்கியது. அப்புறம் என் பெண் பேசினாள். தன் பாட்டி, தாத்தாவின் வேலை மாற்றத்துக்காக ஆறு ஊர் மாறினதையும், எட்டு வருஷம் கற்ற வீணையை மூணாவது ஊரில் விட்டதையும் சொன்னாள். நல்ல கைத்தட்டல். நடுவர் மைக்கைப் பிடித்தார். "பாப்பா நல்லாத்தான் பேசுது. ஆனா இப்படிப் பேசினா கட்டிக்கப் போறவன் பாவம்யா! கேரளாவுல மத்தி மீனு நல்லா ஒத்துக்கிச்சு போல, மேடை கொஞ்சம் தாங்குது." அரங்கம் மறுபடி குலுங்கியது. அவள் சிரித்தபடியே போய் உட்கார்ந்தாள். மேடையில் பெண்பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

கார் பாளையம் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "அம்மா, அவர் அந்தப் பெரிய தலைவர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி குரலைக் குறைச்சுக்கிட்டு, 'இங்க யாரும் ஃபோன்ல எடுக்கலியே'ன்னு சுத்திப் பார்த்தார் இல்ல? என்னைப் பத்திச் சொல்லும்போது சுத்திப் பார்க்கவே இல்லையே, ஏன்?"

ரங்கமணி ஸ்டியரிங்கைப் பார்த்தார். நான் ஙே. இந்தப் பதிவில் இதுவரை நான் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

மறுநாளே அமைப்பின் செயலாளரைப் பார்க்கப் போனேன். நாகர்கோவில்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்த தன் கடை மாடியையே கொடுத்தவர். நல்ல மனுஷன். "என்னம்மா நீ, தமாசுக்குச் சொன்னதுல்லா? புள்ளைய ஆசீர்வாதம் பண்ண மாதிரிதான். மந்திரிமாரையே என்னா கிழி கிழிச்சாரு பாத்தேல்லா! அப்படிப்பட்ட ஆளைப் போயி..." என்றார்.

"மந்திரியைக் கிழிச்சதுக்கு நானும்தான் கை தட்டினேன் அண்ணாச்சி. மந்திரிக்கு அதிகாரம் இருக்கு. இவ பத்தாம் கிளாஸ். இவ என்ன தப்பு பண்ணினா, தமிழ்ல பேசினதைத் தவிர?"

அவர் பதில் சொல்லாமல் காபி வரவழைத்தார். பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும், நிமிர்ந்து பார்க்காமலே, "அவ கேக்கறது சரிதான். எனக்கும் முப்பது வருசமா இந்தப் பட்டிமன்றம் புடிக்கல" என்றார். அண்ணாச்சி என்னைவிட அதிகமாக அதிர்ந்து போனது அப்போதுதான்.

அடுத்த வருஷம் தலைப்பு மாறியது: புலம்பெயர்ந்த பிள்ளைகளிடம் தமிழை வளர்ப்பது வீடா, அமைப்பா? அழைக்கும்போதே நடுவரிடம் அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். "அரசியல் எவ்வளவு வேணாலும் பேசுங்க, கேஸ் வந்தா நாங்க பாத்துக்கிடுதோம். பேச வர்ற பிள்ளைங்க உடம்பு, கல்யாணம் ரெண்டும் வேண்டாம்." நடுவர் கொஞ்சம் திணறித்தான் போனார். பாதியில் சரக்கு தீர்ந்தது தெரிந்தது. ஆனால் கடைசிக் கால் மணி நேரம் தன்னையே கேலி பண்ணிக்கொண்டார். சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற தன் பேரனுக்கு 'பட்டிமன்றம்' என்றால் செல்லப்பிராணிக் கண்காட்சியாம்! அன்றைக்கு வாங்கின அதிகபட்சக் கைத்தட்டல் அதற்குத்தான்.

என் பெண் பேசவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "மேடையில தமிழ் பேசினா யாரு வேணா என்னை என்ன வேணா சொல்லலாம்னா, வேண்டாம்மா. வீட்ல பேசறேனே, போதாதா?" பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் பேசுகிறாள், பரிசும் வாங்குகிறாள். அங்கேயும் ஒரு நாள் யாராவது மைக்கைப் பிடித்து இதையே சொல்லக்கூடும், காரியவட்டம் ஒன்றும் தூரமில்லை. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நமக்கு இதில் இருக்கிற நஷ்டம், ஊரில் இருக்கிறவர்களுக்கு இல்லாதது. மதுரையில் ஒரு பெண்ணுக்கு ஒரு மேடை கசந்தால், தமிழ் பேச அவளுக்கு ஆயிரம் இடம் இருக்கு. துபாயிலோ டொராண்டோவிலோ திருவனந்தபுரத்திலோ வளர்கிற பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு மேடை, ஒரு பொங்கல் விழா, டிவியில் ரெண்டு நிகழ்ச்சி. அதில் கிடைப்பதுதான் அவளுக்குத் தமிழ். அதில் அவள் உடம்புதான் சிரிப்பு என்றால், நடுவரோடு சேர்த்துத் தமிழையும் அணைத்துவிடுவாள், ரிமோட்டில் பண்ணுகிற மாதிரி. நடுவருக்கு விலையில்லாத ஜோக்குக்கு எங்க வீட்டில் விலை அதுதான்.

உங்க ஊர் சங்கத்திலும் வருகிற பொங்கலுக்கோ தீபாவளிக்கோ யாரையாவது அழைப்பீங்க. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அண்ணாச்சி சொன்ன ரெண்டு வரியைச் சொல்லிப் பாருங்க. நல்ல கலைஞர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், டிக்கெட் காசு மிச்சம்.

டிஸ்கி: எங்க வீட்டில் பூரிக்கட்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூரி தேய்ப்பது ரங்கமணி. அடிவாங்குவது மாவு மட்டும்தான் :-)